ஒருத்தருக்கு மட்டும் திறக்கும் ஆல்பம்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் எப்சி இறங்கியபோது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. வேலூரில் ஆஸ்பத்திரி டூட்டி முடித்து, நர்ஸ் வெள்ளைப் புடவையோடு அப்படியே வந்திருந்தாள். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரலாம்தான். ஆனால் அந்த வீட்டுக்குப் போவதற்கு அவளுக்குக் கால் எழவில்லை. ஒரே மகள் ரெனிட்டா, காலேஜுக்குக் கிளம்பியவள், மாதனூர் பக்கம் ஹைவேயில் லாரி மோதிச் செத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது.

அன்று காலையில் எப்சி அவளைத் திட்டித்தான் அனுப்பினாள். "எப்பப் பாரு பிரவுசிங் சென்டர். எங்கயாவது ஒழிஞ்சு போ." பெற்றவள் வாயில் வரக்கூடாத வார்த்தை. அது வந்தது, பெண்ணும் போய்விட்டாள். கோபத்தோடு போனாளா, மன்னித்துவிட்டுப் போனாளா என்பது தெரியாமல் இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஷூ சோல் விற்கும் கடைக்கு மேலே வாஹித் பாஷாவின் பிரவுசிங் சென்டர். தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றம் படியேறி அவள் கூடவே வந்தது. உள்ளே கறுப்புக் கண்ணாடிக் கதவு, பிளைவுட் தடுப்புகள், பகலிலும் இருட்டு. 2008-ஆம் வருஷம் அது. ஃபேஸ்புக் இன்னும் பரவாமல், ஊரே ஆர்குட் பைத்தியம் பிடித்துத் திரிந்த காலம். அந்த மத்தியானம் மட்டும் என்னவோ ஈ காக்கை இல்லை.

"வாங்க சிஸ்டர்," என்றார் பாஷா. அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"பாய், ரெனிட்டா ஆர்குட்ல 'எங்கம்மா'ன்னு ஒரு ஆல்பம் போட்டிருக்காளாம். அவ கிளாஸ் பொண்ணுங்க சொன்னாங்க. அவங்க யாருக்குமே தொறக்கலியாம். நான் பாக்கணும்."

பாஷா கடைசி கேபினைத் திறந்துவிட்டார். ரெனிட்டா எப்போதும் உட்காரும் இடம். ஒயர் பின்னிய அகல நாற்காலி. பின்னாலேயே முதுகை உரசும் சுவர். இதே நாற்காலியில் அம்மாவை ஒரு நாள் இழுத்து வந்து, "தள்ளி உக்காரும்மா" என்று பாதி இடத்தில் ஒட்டிக்கொண்டு, அம்மா பேரில் ஆர்குட் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாள் ரெனிட்டா.

பாஷா எட்டிப் பார்த்து விளக்கினார். "ஆல்பத்துக்குப் பூட்டு போட்டிருக்கு சிஸ்டர். யாருக்குக் காட்டணும்னு பாப்பாவே பேர் குடுக்கலாம். குடுத்தாலும் ஃப்ரெண்டா இருக்கறவங்களுக்குத்தான் தொறக்கும். நீங்க அதுக்கு ஃப்ரெண்டா இல்லியா?"

எப்சி தன் கணக்கைத் திறந்தாள்.

கணக்கு ஆரம்பித்த அன்றைக்கு 'ரெனிட்டா உங்கள் ஃப்ரெண்டா?' என்று ஸ்கிரீன் கேட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'தாய்' என்று எழுதி எழுதிப் பழகிய கை அது. நான் அம்மா, ஃப்ரெண்டா என்ன? 'இல்லை' என்பதை அழுத்தினாள். பக்கத்தில் ரெனிட்டா சட்டென்று எழுந்து போய்விட்டாள். என்ன பெரிய விஷயம் என்று இவளும் விட்டுவிட்டாள்.

"இப்போ நான் கேட்டனுப்பறேன் பாய்."

"அனுப்பலாம் சிஸ்டர். ஆனா, ஒத்துக்க..." பாஷா முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டார்.

எப்சி அனுப்பினாள். செத்தவளிடம் அனுமதி கேட்டுவிட்டு, ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும்.

ஏசி உறுமி நின்றது.

டேனரி நாற்றத்துக்கு நடுவே எங்கிருந்தோ பாண்ட்ஸ் பவுடர் வாசனை வந்தது.

தன் பக்கத்தைப் பார்த்தாள். ஓரத்தில், அண்மையில் வந்து பார்த்தவர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒரே ஒரு பேர்.

ரெனிட்டா.

"பாய்!" குரல் எழும்பவில்லை.

மறுபடி பக்கத்தைப் புதுப்பித்தாள். ஃப்ரெண்ட்ஸ் என்ற இடத்தில் சின்னதாய் மகளின் முகம் வந்து நின்றது. யாரோ ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆல்பத்தைத் திறந்தாள். மேலே பூட்டுப் படம். அனுமதி பெற்றவர்கள்: ஒருவர். எப்சி.

முதல் நாளிலிருந்தே அது இவளுக்கு மட்டும் போட்ட ஆல்பம்! 'ஃப்ரெண்ட் இல்லை' என்று இவளே தன் முகத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். எப்சி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

முதல் படத்தில், நைட் டூட்டி முடிந்து செருப்புகூடக் கழற்றாமல் தூங்கும் எப்சி. சர்ச்சுக்குக் கிளம்பித் தலை வாரும் எப்சி. கீழே மகள் எழுதியிருந்தாள்: 'திட்டுனாலும் என் தோஸ்த்து.'

அடுத்த படத்தில் எப்சி ரெனிட்டாவின் கட்டிலில் குப்புறக் கிடந்து அவள் சுடிதாரைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். யாரோ கட்டில் அருகே நின்று எடுத்த படம்.

அந்தச் சுடிதாரைக் கட்டிக்கொண்டு அழுதது போன வாரம். வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

ரெனிட்டாவின் போன் லாரிச் சக்கரத்தில் நொறுங்கிப் போயிருந்தது.

எப்சி கடைசிப் படத்தை அழுத்தினாள்.

வெள்ளைப் புடவையில் ஒருத்தியின் முதுகு. எதிரே இதே ஸ்கிரீன். இதே கேபின்.

முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. கை நுழையக்கூட இடமில்லை.

கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்சிடத் தொடங்கியது.

"மூடிடுங்க சிஸ்டர், ரொம்ப நேரம் தாங்காது!" பாஷா முன்னாலிருந்து கத்தினார்.

எப்சி மூடவில்லை. பவுடர் வாசனை இப்போது தோளுக்கு மிக அருகில் இருந்தது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிட ஆசையாக இருந்தது.

"அம்மா தெரியாம 'இல்லை'ன்னு அமுக்கிட்டேன்டி," என்றாள் மெல்ல. "வா."

நாற்காலியில் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஸ்கிரீன் அணைந்தது. இருட்டில், பக்கத்துப் பாதியில் ஒயர் கிறீச்சிட்டு மெதுவாக அமுங்கியது.