விடுபட்ட பெயர்

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தம்பி ஜெபித்துக்கொண்டிருந்தபோது, நடுநடுவே ஒரு வார்த்தை மட்டும் அவள் காதில் விழவில்லை. முதலில் அவன்தான் தயங்குகிறான் என்று நினைத்தாள். வருடக்கணக்காகக் கெட்ட வார்த்தையே பேசிப் பழகிய வாய், ஜெபம் அதற்குப் புதிது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவன் உதடுகள் தடையில்லாமல் அசைந்தன. ரொட்டிக்காக நன்றி சொன்னான், அப்பாவுக்காக நன்றி சொன்னான், அக்காவின் கைகளுக்காக நன்றி சொன்னான். ஆனால் யாருக்கு நன்றி சொன்னானோ அந்தப் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை. மின்விசிறியின் கிறீச்சொலிகூட அந்த ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

ஆமென் என்றான் தம்பி. சக்கர நாற்காலியில் இருந்த அப்பா குழறிக்கொண்டே ஆமென் என்றார். அவளும் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

பகலெல்லாம் துணியோரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினின் இரைச்சலில் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் காது மந்தமாவது அதிசயமில்லை என்று சொல்லிக்கொண்டாள். அவள் தையற்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. கிழிந்த திரைச்சீலை, நீளமான கால்சட்டை, கல்யாண கவுன் என்று வருவதையெல்லாம் தைப்பாள். சபைக்கு மட்டும் கூலி வாங்காமல் ஞானஸ்நான அங்கிகள் தைத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவாள். காது மந்தம் ஒரே ஒரு பெயரை மட்டும் பொறுக்கி எடுத்துப்போகாது என்று அவளுக்குத் தெரியும். எப்போதிலிருந்து இப்படி என்றும் தெரியும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வாயடைத்துப் போனது, தம்பி குடித்துவிட்டு வந்து அவரை அடித்ததற்கு மறுநாள். அடித்தவன் அம்மாவின் நகையோடு ஓடிவிட்டான். அதற்குப் பிறகு அப்பாவுக்கு எல்லாமே அவள்தான். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது, அவர் காதருகில் உட்கார்ந்து ஜெபிப்பது. அவருக்கு ஒரு வார்த்தையாவது திரும்ப வர வேண்டும் என்று தினமும் கேட்டாள். அந்த வார்த்தை தன் பெயராக இருக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. மனசுக்குள் கேட்டாள்.

அப்புறம் தம்பி திரும்பி வந்தான். மெலிந்து, நடுங்கி, கையில் ஒன்றுமில்லாமல். எங்கோ ஒரு ஜெபக் கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டேன் என்றான். நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போய்த் தரையில் விழுந்து, அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவர் தலையில் கை வைத்து ஜெபித்தான். அவள் கதவருகில் நின்று பார்த்தாள். அறை மாறியது. அதை அவளால் பிறகும் மறுக்க முடியவில்லை. குளிர்கால வெயில் முதுகில் படுவதைப்போல ஒரு வெதுவெதுப்பு சுவரிலிருந்து சுவர்வரை பரவியது. அப்பாவின் கோணிய வாய் நேரானது. அவர் பேசினார். தம்பியின் பெயரைச் சொன்னார்.

அவள் முன்னறைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். தம்பி பின்னாலேயே ஓடி வந்தான். அப்பா பேசிவிட்டார், என் பேரைச் சொன்னார் என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவள் ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னாள்.

"அது பிசாசோட வேலை."

அவன் முகம் வெளுத்தது. "அக்கா, என்னைத் திட்டு. அடிக்கக்கூட அடி. அதை மட்டும் சொல்லாதக்கா."

"உனக்குள்ள இருந்த பிசாசுதான் அவர் வாயால பேசிச்சு" என்றாள்.

இரண்டாவது முறை சொன்னபோது அவள் குரல் நிதானமாக இருந்தது. எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, ஒன்றைத் தவிர என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள். பரிசுத்த ஆவியானவரின் வேலையைக் கண்ணால் பார்த்து, அது அவருடையது என்று தெரிந்துகொண்டே, பிசாசின் வேலை என்று சொல்வது. அவள் பார்த்தாள். தெரிந்தது. சொன்னாள்.

அன்றைக்கு எதுவும் இடிந்து விழவில்லை. ஒன்று மட்டும் குறைந்தது. சிறுவயதிலிருந்தே, எந்த வீட்டில் தனியாக இருந்தாலும், அடுத்த அறையில் யாரோ இருப்பது போன்ற ஒரு உணர்வு அவளுக்கு இருந்தது. வேலை முடிந்து வந்த அப்பா அடுத்த அறையில் இருக்கும்போது பிள்ளைக்கு இருக்குமே, அந்த மாதிரியான நிம்மதி. அது எல்லோருக்கும் இருக்கும் என்றே நினைத்திருந்தாள். மறுநாள் அங்கிக்கான வெள்ளைத் துணியை மேசையில் விரித்து, சாக்கட்டியால் கோடு போடும்போதுதான் கவனித்தாள். அடுத்த அறையில் யாருமில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சாப்பாட்டு மேசை. அடுத்த ஞாயிறு சபையில் பாட்டு முழுக்க ஓட்டைகள். வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்து உரக்க வாசித்தாள். பெயர் வரும் இடங்களில் அவள் குரலே அணைந்துபோனது, ஸ்விட்சை யாரோ போட்டுப் போட்டு அணைப்பதுபோல.

அந்த வாரத்தின் நடுவில், மத்தியான வெயிலில், அங்கியின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அது தம்பிக்கான அங்கி. ஊரெல்லாம் அவன் சாட்சியைக் கேட்டு உருகுகிறது, அக்கா கையாலேயே அங்கி போட்டுக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று போதகரே கேட்டிருந்தார். ஒவ்வொரு தையலிலும் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு நாள்கூட அவன் அப்பாவைத் துடைத்துவிட்டதில்லை, ஒரு இரவுகூட விழித்திருக்கவில்லை, இந்த வெள்ளை அவனுக்கா? அப்படி நினைத்துக்கொண்டே மெஷினை மிதிக்கும்போது, சட்டென்று அந்த உணர்வு திரும்பி வந்தது. அடுத்த அறையில் யாரோ இருந்தார்கள்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தாள். மெஷினை நிறுத்தினாள்.

மெஷின் நின்றதும் மூச்சு கேட்டது. மெதுவாக, ஈரமாக, கதவுக்கு அந்தப் பக்கம். அப்பாவைத் தம்பி வெளியே அழைத்துப் போயிருந்தான். வீட்டில் வேறு யாருமில்லை. அவள் அசையவில்லை. முன்பு இருந்தவர் ஒரு நாளும் மூச்சு விட்டதில்லை.

அவர்கள் திரும்பி வரும்வரை அவள் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனிதர், பாதி நரைத்தவர், சபையின் ஒழுகும் குழாயைத் தானே பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொறாமையில் வாய் தவறியது பாவம்தான், ஆனால் நீ நினைக்கிற பாவம் இதுவல்ல என்று ஏதேதோ விளக்கினார். பாதி வார்த்தைகள் அவள் காதில் விழவில்லை. இப்போது பெயர் மட்டுமல்ல, கிருபை வரவேண்டிய இடத்திலும் ஓட்டை. மன்னிப்பு வரவேண்டிய இடத்திலும். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு பாஸ்டர்."

"அந்தப் பயம்தாம்மா உனக்கு நல்லது" என்றார் அவர். "அந்தப் பாவத்தைச் செஞ்சவங்களுக்குப் பயமே இருக்காது. மனசு கல்லாயிடும். நீ பயப்படுற வரைக்கும் நீ கைவிடப்படலை."

அது முழுதாகக் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டாள். நிரம்பிய பாத்திரத்தைத் தளும்பாமல் தூக்கிக்கொண்டு நடப்பவளைப்போல, அந்தப் பயத்தை எங்கும் சுமந்தாள். காலையில் எழுந்ததும் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. இஸ்திரி போடும்போது பார்த்தாள். இருந்தது. அங்கியை முடித்து மடித்து வைக்கும்போது கொஞ்சம் குறைந்திருந்தது.

ஞானஸ்நானம் ஞாயிறு காலை ஆராதனையில். மேடைக்குக் கீழே தொட்டியைத் திறந்து தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். கடைசி வரிசையில், சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். பின்னந்தலை சுவரில் பட்டது. முன் வரிசையில் அப்பாவின் சக்கர நாற்காலி. அவர் பக்கவாட்டில் திரும்பி, தொட்டிப் படியில் நிற்கும் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் பக்கம் திருப்பியதில்லை. வெள்ளை அங்கி தம்பிக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் தைத்தது.

எல்லோரும் எழுந்து பாடினார்கள். பாட்டில் ஓட்டைகள் பெருகின. ஒரு வரியில் இரண்டு வார்த்தை மிஞ்சியது. பிறகு ஒன்று. போதகர் தம்பியின் மார்பில் கை வைத்துப் பின்னால் சாய்த்தார். தண்ணீர் அவன் முகத்தை மூடியது. அந்தக் கணத்தில் கடைசி வார்த்தையும் போனது. வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லை. பியானோ இல்லை. தண்ணீரின் சலசலப்பு இல்லை. தன் இதயத் துடிப்பு இல்லை.

பயத்தைத் தேடினாள்.

இல்லை.

உள்ளே எங்கும் தேடினாள். பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதைப்போல. வெறுமை. வழுவழுப்பு. அதற்காக வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. வருத்தம் வரவில்லை.

"வாம்மா" என்றது ஒரு குரல்.

கனிவான குரல். காதுக்கு மிக அருகில். சுவர் இருக்கும் பக்கம்.

"இவங்க யாருக்காகவும் இல்ல. உனக்காகத்தான் வந்தேன்."

இத்தனை பேர் இருக்க, அவளை மட்டும். அவனை அல்ல. அவளை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் நெஞ்சு எரியவில்லை.

"இதோ இருக்கேன்" என்றாள்.

அது எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டும். பாடிய வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. தலைகள் திரும்பின. முன்னால் நின்ற ஒரு தாய் தன் குழந்தையின் முகத்தை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். தொட்டியில் தம்பி நனைந்து நின்றான், போதகரின் கையைப் பிடித்தபடி. அப்பா, அசையும் ஒரே கையால், தன் கண்ணை மறைக்க முயன்றுகொண்டிருந்தார்.

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்தார்கள். பிறகு அத்தனை கண்களும் ஒன்றாக, மெல்ல, மேலே ஏறத் தொடங்கின. குனிந்திருந்த யாரோ நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும் கண்கள். சுவரின் பாதிக்கு ஏறின. ஜன்னலின் உயரத்துக்கு ஏறின. கூரை வரை ஏறி, அங்கே நின்றன.

அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, அமைதியாக, அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.