அறுநூற்று ஒன்றாவது மண்டையோடு

"ஆ...!"

காலை பத்தரை மணிக்கு எலும்பு மண்டபத்துக்குள் எழுந்த அந்த அலறலைப் பதினோரு சுற்றுலாப் பயணிகளும் கேட்டார்கள்.

அலறியது அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வந்த வழிகாட்டி ஆல்பின்!

அடுத்த நொடியே சமாளித்துச் சிரித்தார். சும்மா பயமுறுத்திப் பார்த்ததாகச் சொன்னார். கை தட்டினார்கள். சட்டைக்குள் அவருக்கு வியர்வை ஓடியது யாருக்குத் தெரியும்?

ஆஸ்திரிய மலையிடுக்கில் ஏரியை ஒட்டிக் கிடக்கிறது லோரென்ஸ்தால். இடுகாடு கையகலம்தான். அதனால் புதைத்த பத்து வருடத்தில் குழியைத் தோண்டி, மண்டையோட்டை வெயிலில் உலர்த்தி, நெற்றியில் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எழுதி இந்த மண்டபத்தில் அடுக்கிவிடுவார்கள். ஆணுக்கு இலைக்கொடி வரைவார்கள். பெண்ணுக்கு ரோஜா.

மொத்தம் அறுநூறு. இருபது வருடமாக ஆல்பின் தினமும் பார்க்கும் முகங்கள்.

இன்று அறுநூற்று ஒன்று!

மூன்றாவது வரிசை. புத்தம் புது ரோஜா. அதன் கீழே...

வால்புர்கா.

ஆல்பினின் மனைவி!

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியம் வாசிக்கும் ஒருவனோடு இத்தாலிக்கு ஓடிப்போனாள் என்று ஊர் நம்பியது. கிறிஸ்துமஸ் தவறாமல் அவளிடமிருந்து வாழ்த்து அட்டை வருவதாக ஆல்பின்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூலையில் முக்காலி போட்டு, மங்கிய எழுத்துகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார் கோர்பினியன். வால்புர்காவின் அண்ணன். தங்கை போன நாளிலிருந்து ஆல்பினிடம் பேச்சை நிறுத்தியவர்.

இன்று பேசினார்.

"என்ன மாப்ள, மூணாவது வரிசைய விட்டுட்டுப் போறீங்க?"

ஆல்பின் அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார். இவள் எப்படி இங்கே வந்தாள்? கண் குழிகள் இரண்டும் தன்னையே பார்ப்பது போல... இல்லை, அந்த மண்டையோடு அரை அங்குலம் முன்னால் நகர்ந்தது போல இருந்தது.

பயணிகளில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி, அதையும் வாசித்துக் காட்டச் சொன்னாள். மறுத்தால் மச்சான் சும்மா விடமாட்டார்.

கண்களை இறுக மூடிக்கொண்டார். இருபது வருட வாய்ப்பாடு தானாக ஓடியது.

"வால்புர்கா. பிறப்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, மார்ச் மூணு. இறப்பு, ரெண்டாயிரத்துப் பன்னெண்டு, அக்டோபர் ஒன்பது. ஆன்மா இளைப்பாறட்டும்."

யாரோ ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏங்க... இதுல இறந்த தேதியே எழுதலையே?"

ஆல்பின் கண்களைத் திறந்தார்.

பெயர் இருந்தது. பிறந்த தேதி இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை!

கோர்பினியன் எழுந்து வந்தார். அழுதுகொண்டிருந்தார்.

"தெரிஞ்சாத்தானே எழுதுவேன்? அவ இருக்காளா, செத்தாளான்னே தெரியாம பன்னெண்டு வருஷம் தூங்கல மாப்ள. இது வெறும் பிளாஸ்டர். நான் செஞ்சது. என் தங்கச்சிய எங்க வச்சிருக்கீங்க?"

ஆல்பின் தரையில் உட்கார்ந்துவிட்டார். பார்வை மட்டும் அவரையும் மீறி வாசலைத் தாண்டி ஏரிக்குப் போனது.

கோட்டுப் பெண் போலீஸ் அட்டையை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் ரோஸ்விதா.

"எழுந்திருங்க ஆல்பின். இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு. அதையும் நீங்களே சுத்திக் காட்டிடுங்க!"