பதினொரு மணிக்குள் ஒரு கையெழுத்து

1995 மார்ச் 7, செவ்வாய்க்கிழமை. காலை 9.05.

அலமாரியைத் திறந்த யோகராஜா, கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"அண்ணை, டின்னைக் காணேல்லை!"

கோலியர்ஸ் வுட்டில் இருந்த அந்த மசாலாக் கம்பனியின் மாதிரி அறையில் ஆயிரம் பவுண் பெறுமதியான பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அரைக் கிலோ குங்குமப்பூ அடைத்த தகர டின். அது அடுத்த நாள் ரொட்டர்டாமுக்குப் போக வேண்டியது.

கிளை மனேஜர் தில்லையம்பலம் தன் அறையிலிருந்து விரைந்து வந்தார். ஐம்பது வயது. வெள்ளைச் சட்டையும் டையும் இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. வெற்று அலமாரியைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எல்லாற்றை லொக்கரையும் திறந்து பாரும்."

9.15. மூன்றாவது லொக்கருக்குள், மடித்து வைத்த வேலைக் கோட்டுக்கு நடுவில் டின் இருந்தது. யோகராஜா அதை வெளியே எடுத்தபோது அவர் விரலெல்லாம் மஞ்சள். முதல்நாள் மஞ்சள்தூளைச் சோதித்தவளின் கோட்டு அது.

"இது தவநாயகியின்ரை லொக்கர்" என்றார், தன் குரலைத் தானே நம்பாதவர்போல.

தவநாயகி அவர் பின்னால்தான் நின்றிருந்தாள். கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போனது; உடனே எடுத்துக்கொண்டாள். நாலு மாதம். இங்கே அது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான்: மூன்று கிழமைக்கு முன் அவள் டொக்டரின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த தில்லையம்பலம்.

9.45. மனேஜர் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு ஃபக்ஸ் கடிதம். மேல் விளிம்பில் பொடி எழுத்தில் ரொட்டர்டாம் தலைமைக் கம்பனியின் பெயர், பக்கத்தில் 09:35. இன்று காலை உமது லொக்கரில் கம்பனியின் பொருள் கண்டெடுக்கப்பட்டது, இந்தக் கணத்திலிருந்து உமக்கு வேலை இல்லை என்றது கடிதம். கீழே டைரக்டர் கோஸ்டரின் கையெழுத்து.

"ஒன்பது இருபதுக்குப் போன் பண்ணினன். பதினைஞ்சு நிமிசத்திலை கடிதம் வந்திட்டுது" என்றார் தில்லையம்பலம். "ஒல்லாந்துக்காரர் சுணங்க மாட்டினம். தங்கச்சி, பதினொரு மணிக்குள்ளை கீழை ஒரு கையெழுத்து வையும். ஏற்றுக்கொண்டன் எண்டு. வைச்சால் பொலிஸுக்குச் சொல்லமாட்டன்."

"நான் எடுக்கேல்லை அண்ணை."

"அப்ப டின்னுக்குக் கால் முளைச்சதோ?"

அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. ஆறு வருஷம் ரொட்டர்டாமில் வேலை செய்து, அதே ஒல்லாந்து ஒப்பந்தத்தோடு லண்டனுக்கு அனுப்பப்பட்டவள். கணவன் ஆனந்தராஜாவுக்கு அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அவனால் வேலை செய்ய ஏலாது. களவுப் பட்டத்தோடு வெளியே போனால் வேறு யார் அவளை எடுப்பார்கள்? பிறக்கப்போகும் பிள்ளைக்கு முதலில் கிடைக்கப்போவது அந்தப் பட்டமா?

வாசலில் இருந்த தொலைபேசியில் அவள் ஒரு எண்ணைச் சுழற்றினாள்.

10.25. பாமா நரசிம்மன் ஸ்ட்ரெதமிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கினாள். அங்கே ஓர் இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்தில் வேலை. தஞ்சாவூர்க்காரி, நாற்பது வயது, கையில் குடை, தோளில் பிதுங்கி வழியும் பை. கோயிலில் பழக்கமான தவநாயகியை ஒருதரம் தோளோடு அணைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினாள். இரண்டு தடவை படித்தாள். மனேஜர் அறைச் சுவரில் இருந்த இரண்டு கடிகாரங்களையும் பார்த்தாள். லண்டன் பத்து இருபத்தைந்து. ரொட்டர்டாம் பதினொன்று இருபத்தைந்து.

"நீங்கள் ஆர்?" என்றார் தில்லையம்பலம்.

"அவளோட சிநேகிதி சார். பதினோரு மணிக்கு இன்னும் அரை மணி இருக்கே. நாலு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன். இவங்களும் இருக்கட்டும்."

யோகராஜாவும் பொதி செய்யும் பியற்றிஸும் கதவருகே நின்றார்கள். பியற்றிஸின் கையில் வழக்கம்போலத் தேசிக்காய்த் துண்டு மிதக்கும் வெறும் தேநீர். தொண்டைக்கு நல்லதென்று நாளுக்கு ஐந்து கோப்பை குடிப்பவள்.

"யோகராஜா சார், டின்னைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"நேற்றுப் பின்னேரம் அஞ்சரை. ஒவ்வொரு நாளும் பூட்டமுந்தி நானும் மனேஜரும் சேர்ந்து பார்த்து, புத்தகத்திலை ரெண்டு பேரும் கையெழுத்து வைப்பம். இந்தா, ரெண்டு கையெழுத்தும் இருக்கு."

"சாவி?"

"என்னட்டை ஒண்டு, அவரிட்டை ஒண்டு. ஆனால் காலமை எட்டு அம்பதுக்கு நான் திறந்து வைச்சிடுவன். பிறகு ஆரும் போய் வரலாம்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றார் தில்லையம்பலம். "எட்டு அம்பதுக்கும் ஒன்பது அஞ்சுக்கும் இடையிலை நடந்த வேலை."

"தவநாயகி, நீ எப்போ வந்தே?"

"எட்டு அம்பது, பாமா அக்கா. யோகராஜா அண்ணையோடைதான் உள்ளை வந்தனான். நேற்று மூண்டு மணிக்கே போயிட்டன். ஆஸ்பத்திரி."

"லொக்கருக்குப் பூட்டு?"

"பூட்டோ!" என்று பியற்றிஸ் முந்திக்கொண்டாள். "உடைஞ்சு ரெண்டு மாசம். என்ரை லொக்கரிலை பிஸ்கட் கூடத் தங்கிறேல்லை."

பாமா மனேஜர் பக்கம் திரும்பினாள். குரல் மாறவில்லை, ஆனால் வேகம் கூடியது.

"நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க சார்?"

"எட்டு. தினமும் எட்டு."

"ஒன்பது அஞ்சுக்கு முன்னாடி இந்த அறையை விட்டு?"

"அசையேல்லை."

"அவ லொக்கரைத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடுறன்? யோகராஜாதான் எடுத்தவர்."

"சட்டைக் கையை ஏன் மடிச்சு விட்டிருக்கீங்க? இந்த மார்ச் குளிர்லே?"

தவநாயகி அப்போதுதான் கவனித்தாள். டை கட்டி, வலது கையை மட்டும் ஒரு மடிப்பு மடித்திருந்தார். மடிப்பின் ஓரத்தில் ஈரமாய் ஒரு செம்பழுப்புக் கறை.

"சிவப்புப் பேனை கசிஞ்சிட்டுது. கழுவினன், போகேல்லை. இது என்ன விசாரணை? நேரம் போகுது!"

லண்டன் கடிகாரம் பத்து நாற்பத்திரண்டு. பாமா பியற்றிஸின் கோப்பையை நோக்கிக் கை நீட்டினாள்.

"அந்த எலுமிச்சையைக் கொஞ்சம் தர்றியாம்மா?"

"இதை நான் குடிச்சிட்டன் அக்கா. புதுசா வெட்டித் தாறன்."

"இது போதும்." அவள் துண்டை எடுத்தாள். "சார், அந்தக் கையை நீட்டுங்க. பேனா மைன்னா எலுமிச்சை ஒண்ணும் செய்யாது. பயப்படாதீங்க."

எல்லாக் கண்களும் தன்மேல் இருக்க, தில்லையம்பலத்தால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. பாமா கறைமேல் இரண்டு சொட்டுப் பிழிந்தாள். சிவப்பு மெல்லக் கரைந்தது. அதே இடத்தில் பளிச்சென்று மஞ்சள் மலர்ந்தது.

"மாதாவே!" என்றாள் பியற்றிஸ். "மஞ்சள்!"

"ஆரத்தித் தண்ணி எப்படிச் சிவக்குது? மஞ்சள்லே சுண்ணாம்பு. சோப்புப் பட்டாலும் அதே கதைதான். புளிப்புப் பட்டா பழைய நிறம் திரும்பும். வீட்டிலே ஒருநாளாவது தன் சட்டையைத் தானே துவைச்சவருக்கு இது தெரிஞ்சிருக்கும் சார்."

"இது மசாலாக் கம்பனி" என்றார் தில்லையம்பலம். "மஞ்சள் எங்கையும் படும்."

"இண்டைக்கு மிளகுதானே அண்ணை?" யோகராஜா மெதுவாகச் சொன்னார். "மஞ்சள் நேற்றோடை முடிஞ்சுது. நிலமெல்லாம் கழுவினது. இப்ப மஞ்சள் இருக்கிறது இந்தப் பிள்ளையின்ரை கோட்டிலை மட்டும்தான்."

மனேஜர் மடித்த கையை இறக்கிவிட்டார்.

"சரி. டின் அகப்பட்ட பிறகு நானும் ஒருக்கா லொக்கருக்குள்ளை கை விட்டுப் பார்த்தன். ஒன்பதரை இருக்கும். அது குற்றமோ? டின் அவளின்ரை லொக்கரிலை இருந்தது. அதை மாத்த ஏலுமோ?"

"மாத்த வேண்டாம். நேரத்தை மட்டும் பார்ப்போம்." பாமா கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "ஒன்பது முப்பத்தஞ்சு. டின் கிடைச்சு இருபது நிமிஷத்துலே கடிதம். எல்லாருக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஆனா ஃபக்ஸ் தாள் மேலே விழற நேரம் அனுப்பற மெஷினோட நேரம். அந்த மெஷின் எங்கே இருக்கு?"

தவநாயகியின் பார்வை சுவருக்குத் தாவியது. இரண்டு கடிகாரங்கள். ஒரு மணி நேர வித்தியாசம். ஆறு வருஷம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள், அவளுக்கே தோன்றவில்லை.

"ரொட்டர்டாமிலை ஒன்பது முப்பத்தைஞ்சு" என்றாள். "இங்கை எட்டு முப்பத்தைஞ்சு!"

"ஆமா. யாரும் அலமாரியைத் திறக்கறதுக்கு அரை மணி முன்னாடியே, டின் உன் லொக்கர்லே கிடைச்சதுன்னு அங்கே கையெழுத்தாயிடுச்சு. நேத்து அஞ்சரைக்கு டின் அலமாரியிலே. சாரே கையெழுத்துப் போட்டிருக்கார். நீ மூணு மணிக்குப் போனவ, எட்டு அம்பதுக்கு வந்தவ. நடுவிலே இந்தக் கட்டடத்துலே சாவியோட இருந்தது யாரு?"

"அந்த மெஷின்ரை நேரம் பிழையாயிருக்கும்..."

"கோஸ்டரோட செக்ரெட்டரியைக் கேட்டுடலாமே. உங்க ஃபோன் எத்தனை மணிக்கு வந்ததுன்னு." பாமா தொலைபேசியைத் தூக்கினாள்.

"வேண்டாம்" என்றார் தில்லையம்பலம். நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்த விதத்தில் பத்து வயது கூடியது.

"ஏன் அண்ணை?" என்றாள் தவநாயகி.

"சித்திரைக்குப் பிறகு லண்டனிலை ஒல்லாந்து ஒப்பந்தத்திலை ஒரு உத்தியோகம்தான். நீ, இல்லாட்டில் நான். எனக்கு இந்த வயசிலை ஆர் வேலை தருவினம்? கோஸ்டர் இண்டைக்கு அங்கத்தை நேரம் ஒன்பதே முக்காலுக்கு விமானத்துக்குக் கிளம்புற மனுசன். அதுக்குள்ளை கையெழுத்து வேணும். அதுதான் முந்திப் போன் பண்ணினன்."

பாமா மற்ற இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். "ஒல்லாந்துச் சட்டத்துலே ஆளை நிறுத்தணும்னா அரசாங்க அனுமதி வேணும்" என்றாள் பாமா. "வயித்துலே பிள்ளை இருக்கறவளை அப்படியும் நிறுத்த முடியாது. போன அக்டோபரிலேருந்து ஐரோப்பா முழுக்க இதான் நிலைமை. தப்பிக்க ஒரே வழி, திருட்டு மாதிரி பெரிய குற்றம். அதையும் தெரிஞ்ச உடனே சொல்லணும். ஆறப் போட்டா செல்லாது. சார் சட்டத்தை நல்லாப் படிச்சிருக்கார். உடனேன்னு சொன்னதைக் குற்றத்துக்கும் முன்னாடின்னு ஆக்கிட்டார்."

தவநாயகி கடிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கப் போனாள். பாமா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கிழிக்காதே, அசடே. இனிமே அது உன்னோட சாட்சி. கோஸ்டர் இறங்கினதும் அவர் கையிலே இதோட நகலும் அந்தப் புத்தகத்தோட பக்கமும் இருக்கும்."

லண்டன் கடிகாரம் பதினொன்று.

தவநாயகி லொக்கருக்குப் போனாள். மஞ்சள் கோட்டை எடுத்து உதறினாள், தூள் பறந்தது. போட்டுக்கொண்டாள். நடுப் பொத்தான் எட்டவில்லை. இவ்வளவு நாளும் மூச்சை உள்ளிழுத்துப் பூட்டிய பொத்தான். இன்று அப்படியே திறந்து விட்டாள்.

பியற்றிஸ் பார்த்தாள். கண் விரிந்தது.

"அடி கள்ளி! எத்தினை மாசம்?"

"நாலு" என்றாள் தவநாயகி, மிளகு மூட்டையை நோக்கி நடந்தபடி.