சாவு விழுந்த விமானம்

வெள்ளிக்கிழமை, காலை 7.10.

துப்புரவு வேலை பார்க்கும் பாப்பம்மா சின்ன விமானத்தின் படியில் ஏறினாள். உள்ளே தலையை நீட்டினாள். அப்படியே பின்னால் இறங்கினாள். கத்தவில்லை. வாளியைத் தரையில் வைத்துவிட்டு காவலாளியைத் தேடி நடந்தாள்.

மலேசியாவின் அலோர் ஸ்டார் விமான நிலையத்தின் ஓரத்தில் வாடகைக்கு எடுத்த ஹேங்கர் அது, விமானம் நிறுத்தும் கொட்டகை. உள்ளே இரண்டு பழைய ஜெட் விமானங்கள் அருகருகே நின்றன. ஒன்று ஆறு பேருக்கானது. மற்றது பத்துப் பேருக்கானது. இரண்டில் ஒன்றை குருண் ஊரில் கையுறைத் தொழிற்சாலை நடத்தும் புவனேசன் வாங்கப்போகிறார். எதை வாங்கலாம் என்று சோதித்துச் சொல்ல அவர் அமர்த்திய பொறியாளர் நபீல். ஐம்பத்திரண்டு வயது.

நபீல் சின்ன விமானத்துக்குள் கிடந்தார்.

8.05.

இன்ஸ்பெக்டர் ஜைனப் குனிந்து உள்ளே போனார். போன பிறகும் குனிந்தே நின்றார்.

நபீல் நடைவழியில் குப்புறக் கிடந்தார். நெடிய உடல். கால்கள் வாசல் வரை நீண்டிருந்தன. உச்சந்தலையில் காயம். கதவின் மேல் விளிம்பில் காய்ந்த ரத்தம். உடலுக்குக் கீழே தொழுகை விரிப்பு. நடைவழி ஒன்றரை அடி அகலம்கூட இல்லை. விரிப்பின் இரண்டு ஓரங்களும் இருக்கைகளின் மேல் ஏறி மடங்கியிருந்தன. ஜைனப் அதைச் சற்று நேரம் பார்த்தார்.

கார்ப்பரல் தயாளன் வெளியிலிருந்து சொன்னார். “ஆள் ஆறடி ரெண்டங்குலம் லா, புவான். இருட்டுல அவசரமா ஏறியிருப்பாரு. கதவு இடிச்சிருக்கு. அவ்ளோதான்.”

படியருகே நபீலின் கருவிப் பெட்டி திறந்திருந்தது. கறுப்பு நுரைப் பஞ்சில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே பள்ளம் வெட்டியிருந்தார். ஒரு பள்ளம் மட்டும் காலி. நீண்ட கைப்பிடி, முனையில் வட்டம்.

மேலதிகாரி தொலைபேசியில் விபத்து என்றார். கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. பிரேதப் பரிசோதனை ஞாயிற்றுக்கிழமைதான். வேறு ஏதாவது கிடைத்தால் சொல் என்று வைத்துவிட்டார்.

9.20.

புவனேசனும் அவர் மனைவி தேவகியும் வந்தார்கள். புவனேசன் சின்னதைப் பார்க்காமல் பெரியதைப் பார்த்தார்.

மேடானுக்கும் ஜொகூருக்கும் நாலு பேர் போய் வரச் சின்னதே போதும் என்பது அவர் எண்ணமாக இருந்தது. தேவகிக்குப் பெரியதுதான் வேண்டும். குனிந்து ஏறி, குனிந்து உட்கார்ந்து, குனிந்து இறங்க நம்ம வேன் போதாதா என்று போன வாரம் விற்பவர் முன்னாலேயே கேட்டிருக்கிறார். நபீல் எதை எழுதிக் கொடுக்கிறாரோ அதுதான் என்று புவனேசன் பேச்சை முடித்தார். இப்போது அந்தப் பேச்சே இல்லை.

“சாவு விழுந்த பிளேன்ல எம் பேரப்புள்ளைங்கள ஏத்தமாட்டேன்,” என்றார் தேவகி.

புவனேசன் மறுக்கவில்லை. பெரியதற்கு இன்னொருவர் காத்திருக்கிறார், இன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மூன்று மணிக்கு வெள்ளோட்டம். குடும்பத்தில் ஒன்பது பேர் ஏறுகிறார்கள். நாலு பேர் குழந்தைகள்.

“நபீல் உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னார்?”

“நேத்து ஆறு மணிக்கு ஃபோன் பண்ணேன். ரெண்டுல ஒண்ணு வேணவே வேணாம்னார். எதுன்னு கேட்டேன். காலையில எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னார். எழுதறதுக்கு முன்னாடி வாய் தொறக்கற ஆளில்ல.”

“எது வேணாம்னு தெரியாமலே ஏறப்போறீங்களா?”

புவனேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தான் அமர்த்தவிருக்கும் விமானி கேப்டன் குணாளன் பெரியதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டார், அவர் நன்றாக இருக்கிறது என்கிறார் என்றார்.

விமானத்தைப் பிடித்து வைக்க ஜைனப்பிடம் எந்த உத்தரவும் இல்லை. விபத்துக்கு அது தேவையும் இல்லை. இன்னும் ஐந்தரை மணி நேரம் இருந்தது.

10.15.

நேற்று மாலை ஹேங்கர் சாவி வைத்திருந்தவர்கள், நபீலைத் தவிர, இரண்டு பேர். முதலாமவர் தாரிக். இரண்டு விமானங்களையும் விற்க வந்த தரகர். அப்பாவுக்கு ஜித்ராவில் சாப்பாட்டுக் கடை. தாரிக்கின் சட்டை முழுக்க வியர்வை.

எட்டேகாலுக்கு விமானப் பதிவேடுகளை அலமாரியில் வைக்க வந்ததாகச் சொன்னார். விளக்கு அணைந்திருந்தது. நபீல் தொழுகைக் கூடமான சூராவுக்குப் போயிருப்பார், அப்படியே சாப்பிடவும் போயிருப்பார் என்று நினைத்தாராம். விமானத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

“எது வித்தாலும் எனக்கு ஒண்ணுதான், அக்கா.”

“இன்ஸ்பெக்டர்.”

“எது வித்தாலும் ஒண்ணுதான், இன்ஸ்பெக்டர்.”

காலிப் பள்ளத்தைக் காட்டினார் ஜைனப். அது கண்ணாடி என்றார் தாரிக். பல் டாக்டர் வைத்திருப்பது போல, ஆனால் பெரியது. கை நுழையாத இடத்தில் விட்டுப் பார்ப்பதற்கு. அதைப் பெட்டியில் வைக்காமல் நபீல் வீட்டுக்குப் போகமாட்டார். ஒரு கருவி குறைந்தாலும் விமானத்தை நகர்த்த விடமாட்டார்.

தயாளன் சின்ன விமானத்தை முழுக்கத் தேடினார். கண்ணாடி இல்லை.

10.50.

இரண்டாமவர் கேப்டன் குணாளன். ஐம்பத்தெட்டு வயது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வியர்வை இல்லை.

“சின்னது வந்திருந்தா நீங்கதான் ஓட்டுவீங்களா?”

“எனக்குப் பெருசுக்குத்தான் லைசன்ஸ். சின்னதுக்கு மறுபடி பரீட்சை எழுதணும். இந்த வயசுலயா?” சிரித்தார். “வேற யாரையாவது பார்த்துக்குவாங்க.”

“நபீலைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?”

“மஃரிப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம். ஏழே முக்கால் இருக்கும். சின்ன பிளேன்ல வெளக்கு எரிஞ்சிச்சு. தொழுதுகிட்டு இருந்தாரு. கையைக் கட்டிக்கிட்டு, நேரா நிமிர்ந்து நின்னாரு, அசையவே இல்ல. அந்த நேரத்துல பேச்சுக் குடுக்கக்கூடாது இல்லீங்களா. நான் கெளம்பிட்டேன்.”

மரியாதையாகச் சொன்னார். ஜைனப் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார்.

11.40.

பெரிய விமானத்தில் ஜைனப் வாசலிலிருந்து வால் பக்கம் வரை நிமிர்ந்தே நடந்தார். முன்பகுதியில் நாலு பேர் உட்காரும் அளவுக்கு வெற்றிடம். அங்கே கம்பளம் ஈரமாக இருந்தது. பாப்பம்மாவைக் கேட்டார்.

“நான் இன்னும் இதுக்குள்ள வரவே இல்ல, புவான். துணி நனைச்சுத் தொடைச்ச மாதிரி இருக்கு. யாரு தொடைச்சாங்களோ.”

ஏசி ஒழுகியது, நான்தான் துடைத்தேன் என்றார் குணாளன். பழைய விமானங்களில் ஏசி ஒழுகும். தயாளன் அதையும் குறித்துக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு மேலதிகாரி மறுபடி அழைத்தார். உடலை எடுத்தாகிவிட்டதா, இன்னும் அங்கே என்ன வேலை என்று கேட்டார். கண்ணாடி ஒன்றைக் காணோம் என்றார். மேலதிகாரி வைத்துவிட்டார்.

1.35.

சூராவில் பெண்கள் பக்கம் யாருமில்லை. ஜைனப் மதிய லுஹர் தொழுதார். ருகூவுக்குக் குனிந்தார். நிமிர்ந்தார். முதுகு நேரானது.

தொழுகையில் மனம் வேறெங்கும் போகக்கூடாது. போயிற்று.

மீதி ரக்அத்துகளை முடித்தார். சலாம் கொடுத்தார். செருப்பை மாட்டியதும் ஓடினார். அளவு எடுக்கவும் விடுமுறை நாளில் ஆள் பிடிக்கவும் நேரம் போயிற்று.

2.35.

பெரிய விமானம் வெளியே இழுக்கப்பட்டு வெயிலில் நின்றது. ஒன்பது பேரும் உள்ளே இருந்தார்கள். ஒரு குழந்தை ஜன்னலில் மூக்கை அழுத்தி வெளியே பார்த்தது. குணாளன் படியை மூடக் கை நீட்டியபோது ஜைனப் படியில் கால் வைத்தார்.

“எல்லாரும் எறங்குங்க.”

தேவகி முணுமுணுத்தார். புவனேசன் கேள்வி கேட்டார். ஆனால் இறங்கினார்கள். தாரிக் ஹேங்கரின் நிழலிலிருந்து வந்தார்.

ஜைனப் குணாளனிடம் மட்டும் பேசினார். “அவர் தொழுததை நீங்க பார்த்தீங்க. அது உண்மை. சின்ன பிளேன்ல பார்த்தேன்னு சொன்னதுதான் பொய்.”

குணாளன் படியிலிருந்து கையை எடுத்தார்.

“அதுக்குள்ள கூரை நாலே முக்கால் அடி. நானே நிமிர முடியல. அவர் ஆறடி ரெண்டங்குலம். நிக்க முடியறவங்க நின்னுதான் தொழணும். அங்க நிக்க முடியாதுன்னா கீழ எறங்கித் தரையில தொழுதிருப்பார். விரிப்பைக்கூட அங்க ஒழுங்கா விரிக்க முடியாது. நேரா நிமிர்ந்து நின்னார்னா, அது இந்த பிளேன்ல.”

தாரிக் மெல்லத் தலையசைத்தார். நபீல் சின்னதில் தொழுதிருக்க முடியாது என்பது அவருக்குக் காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மீதியை ஜைனப் சுருக்கமாகச் சொன்னார். சின்னதில் கிடைக்காத கண்ணாடி பெரியதில்தான் இருக்க வேண்டும். நபீல் பெரிய விமானத்தின் வால் பகுதியைச் சோதித்துக்கொண்டிருந்தார். பாங்கு கேட்டதும் வேலையைப் பாதியில் விட்டு, சுத்தமான இடம் தேடி அதன் முன்பகுதிக்குப் போனார். தொழுது முடித்ததும் குணாளனிடம் ஒன்றைச் சொன்னார். இதை ஓட்டாதே என்று. ஓட்டப்போகிறவரிடம் மட்டும் எழுதாமலே சொன்னார். பெரியது போனால் குணாளனின் வேலையும் போகும். அவர் அடித்தார். பெரியதில் யாருக்கும் தலை இடிக்காது. சின்னதின் கதவில் எல்லாருக்கும் இடிக்கும். சாமான் தள்ளுவண்டியில் உடலையும் விரிப்பையும் கொண்டுபோய் அங்கே போட்டு, கதவு விளிம்பில் ரத்தம் தடவி, பெரியதின் கம்பளத்தைத் துடைத்தார். சாவு நடந்த விமானத்தை இந்தக் குடும்பம் வாங்காது என்பதும் அவருக்குத் தெரியும். கதவின் உயரத்தை யோசித்தவர் கூரையின் உயரத்தை யோசிக்கவில்லை. கண்ணால் கண்டதையே வாய் சொல்லிவிட்டது.

“இதெல்லாம் உங்க கற்பனை,” என்றார் குணாளன்.

ஜைனப் விமானத்தின் பின்பக்கம் கை காட்டினார். விமான நிலையத்தில் அன்று பணியில் இருந்த பராமரிப்புப் பொறியாளர் ஃபாத்தின் அங்கே ஏணியில் நின்றிருந்தாள். வால் பகுதி மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இரண்டு திருகுகள் கோணலாக, பாதி மட்டுமே ஏறியிருந்தன. இருட்டில் அவசரமாக மூடிய கை.

மூடியை எடுத்தாள். உள்ளே கையை விட்டாள். நீண்ட கைப்பிடி வைத்த கண்ணாடி வெளியே வந்தது.

தேவகி பேரக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“இதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சும் எங்களை ஏத்துனீங்களா, கேப்டன்?” புவனேசனின் குரல் உயரவில்லை.

குணாளன் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். “நானுந்தானே அண்ணே ஏறுனேன். நானுந்தானே ஓட்டப்போனேன். சின்ன வெடிப்பு அது. நபீல் எல்லாத்தையும் பெருசாக்கற ஆளு. இருபது வருசம் பார்த்துட்டேன், இந்த மாதிரி எத்தனையோ. ஒரு மாசம் தாங்கும். அடுத்த மாசம் சுபாங் பட்டறையில குடுத்து மாத்தியிருப்பேன். யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.”

ஃபாத்தின் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மறுபடி உள்ளே கையை விட்டாள். வால் சிறகைத் தாங்கும் உலோகப் பிடியைத் தேடித் தொட்டாள். தொடத்தான் செய்தாள். அழுத்தவில்லை.

துண்டு அவள் கையோடு வந்தது.