காசில் முளைத்த முகம்

முந்தாநாள் வழுவழுவென்று இருந்த இடத்தில் இன்று ஒரு புருவம் இருந்தது.

அவள் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். புருவமேதான். பழைய நாணயங்களுக்குத் தரம் போடுவது அவள் பிழைப்பு. எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று அட்டையில் எழுதுவாள். இருபது வருஷமாக வீட்டு மேஜையிலேயே இந்த வேலைதான். போன மாதம் இறந்துபோன அப்பாவின் பெட்டியைக் குடைந்தபோது, ஒரு பழைய காலுறைக்குள் முடிச்சுப் போட்டுக் கிடந்தது இந்தச் செப்புக்காசு. அதில் பக்கவாட்டில் திரும்பிய யாரோ ஒரு பெண்ணின் தலை. கண், மூக்கு, வாய் எல்லாம் தேய்ந்து வெறும் நிழலாகத்தான் இருந்தது. பாவம் பார்த்து நான்கு போட்டிருந்தாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பாவதைத் தினம் பார்க்கிறவள் அவள். கட்டெறும்பு கழுதையாவதை இன்றுதான் பார்க்கிறாள்.

வெளிச்சம் விழுகிற கோணமாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்! ஆனால் முந்தாநாள் எடுத்த படத்தைக் கணினியில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். படத்தில் புருவம் இல்லை.

"அம்மா, இங்க பாரேன்!" மகள் ஓடிவந்தாள். எட்டு வயது. செய்கிற சேட்டைக்கு வைத்த ‘வாலு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. "என் தழும்பு போயிடுச்சு!"

கட்டிலிலிருந்து விழுந்ததில் இடது புருவத்துக்கு மேல் வந்த தழும்பு. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அதற்காக அழுகிற பெண், இப்போது குதித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் நெற்றியைத் தடவினாள். தழும்பு இல்லை. புருவமும் பாதி இல்லை.

"நீ அந்தக் காசைத் தொட்டியா?"

"முந்தாநாள் தொட்டேன். கன்னத்துல வெச்சா சில்லுன்னு இருக்கும்மா. ஒரே ஒரு தடவைதான், சத்தியமா!"

மெதுவாக லென்ஸுக்குத் திரும்பினாள். காசில் இருந்த புருவத்துக்கு மேல், ஓர் அரிசி நீளத்துக்கு, ஒரு கோடு.

காசைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரும்பு அலமாரியில் பூட்டினாள். மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தகரத்தில் அது விடாமல் தட்டிக்கொண்டிருக்க, பூட்டிய அலமாரியிலிருந்து சில்லறை எண்ணிய கையில் வருகிற அந்த வாடை, முதலில் மேஜை வரைக்கும், பிறகு சமையலறை வரைக்கும், அன்று மாலைக்குள் மகளின் தலையணை வரைக்கும் வந்து சேர்ந்தது. வீடு முழுக்கத் துடைத்தாள். போகவில்லை.

மறுநாள் காலை அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். வழக்கம்போல வாலு முண்டியடித்துக்கொண்டு முகத்தை நீட்டினாள்.

"யாரும்மா இது? பக்கத்து வீட்டுப் பொண்ணா?"

"விளையாடாதீங்கண்ணா. நம்ம வாலுதான்."

அண்ணன் சிரிக்கவில்லை. திரையை உற்றுப் பார்த்தான். "குரல் அவளோடதுதான்..." என்று இழுத்தான்.

போனை வைத்துவிட்டு மகளை ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தாள். மூக்கின் மேடு தணிந்திருந்தது. உதட்டின் ஓரங்கள் கன்னத்தோடு கரைந்திருந்தன. தரம் போடுகிறவளின் கண், கேட்காமலே ஓர் எண்ணைச் சொன்னது: பன்னிரண்டு. சொந்தப் பிள்ளைக்கா! தன் கண்ணையே பிடுங்கிப் போடலாம் போல இருந்தது.

"வலிக்குதாடா கண்ணு?"

"இல்லம்மா. ஏன் அழற?"

"அழல. நீ உள்ள போய் பொம்மைக்குக் கதை சொல்லு. நான் கூப்பிடற வரைக்கும் சொல்லிக்கிட்டே இரு."

அலமாரியைத் திறந்தாள். காசில் இப்போது இமை இருந்தது, காது மடல் இருந்தது, முன்பல் விழுந்த சந்து கூட இருந்தது. எழுபதுக்கு அறுபது. அவள் பெற்ற முகம் ஒரு செப்புத் துண்டில் இருந்தது. திருட்டு முகம். திருடிக்கொண்டிருக்கிற முகம். அப்படியானால் இதை அழித்துவிட்டால் போதும். அங்கே ஏறினால் இங்கே இறங்குகிறது. அங்கே இறக்கினால் இங்கே ஏறாதா? தராசு தெரிந்த எவளுக்கும் அப்படித்தான் தோன்றும்.

இருபது வருஷத்தில் எந்தக் காசையும் அவள் தேய்த்ததில்லை. உப்புத்தாளை எடுத்தாள்.

உள்ளே மகள் பொம்மையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒரு ஊர்ல ஒரு குட்டி யானையாம், அதுக்குத் தூங்கவே பிடிக்காதாம்..."

காசைப் பலகையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். சிவந்த தூள் விரலில் ஒட்டியது. தழும்பு போனது. புருவம் போனது. வாடை மூக்கில் ஏறியது. இன்னும் அழுத்தினாள். திரும்பக் கொடு, திரும்பக் கொடு என்று வாய் தானாக முனகியது. இமை போனது.

"...அப்புறம் அந்த யானை... அம்மா, லைட்ட அணைச்சியா?"

"இதோ வரேண்டா." நிறுத்தவில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூக்கு போனது. இன்னும் கொஞ்சம்தான். உதடு மட்டும்தான் பாக்கி.

"அம்மா, அம்..."

உதடும் போனது.

மழைச் சத்தம். வேறு சத்தமில்லை. காசு தட்டையாகப் பளபளத்தது. ஜெயித்துவிட்டாள். அதைக் கீழே வைத்தாள்.

"வாலு?"

மேஜையை விட்டு எழுந்தாள்.

"வாலு, கதையை ஏன் நிறுத்திட்ட?"

பிஞ்சுப் பாதங்கள் தரையைத் தடவித் தடவி வந்தன. சுவரில் ஒரு முறை மோதின. மறுபடியும் வந்தன. கதவு திறந்தது.

மகள் நின்றாள். கூப்பிடத் தொண்டை ஏறி இறங்கியது. கூப்பிட வாய் இல்லை. இரண்டு கைகளும் அம்மா இருக்கிற திசையைத் தேடி நீண்டன. நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் வெறும் தோல். அதன் மேல் உப்புத்தாள் இழுத்த மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில்.