வானத்தில் தொங்கிய ஏரி

காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மரவீடு இருந்தது. அதற்குள் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் வாலுவின் அம்மா. காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிப்படம் கொடுப்பது, தொலைநோக்கி வாடகைக்குக் கொடுப்பது, "கழிவறை எங்கே?" என்று கேட்பவர்களுக்கு அலுக்காமல் கை காட்டுவது, எல்லாம் அம்மாவின் வேலை.

விடுமுறை நாட்களில் வாலுவும் அங்கேதான் இருப்பாள். வாலு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆனால் உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அன்று காலையிலிருந்தே காட்டில் மெல்லிய பனி. மரங்கள் எல்லாம் பாதித் தூக்கத்தில் நிற்பதுபோல் இருந்தன. மதியத்துக்கு மேல் பனி விலகியபோது, சக்கர நாற்காலியில் ஒரு பையன் வந்தான். எட்டு வயது இருக்கும். பின்னால் தள்ளிக்கொண்டு வந்தவர் அவனுடைய அப்பா. பையனின் மடியில் பறவைகளைப் பற்றிய ஒரு தடிப் புத்தகம். புரட்டிப் புரட்டி அதன் மூலைகள் எல்லாம் சுருண்டிருந்தன.

"ஏரிக்கு எப்படிப் போகணும் ஆன்ட்டி?" என்று பையன் கேட்டான்.

"ஏரிக்கரைக்கு யாரும் போகக் கூடாதுப்பா. பறவைங்க குஞ்சு பொரிக்கிற நேரம். அதோ, அந்தக் கோபுரத்துல ஏறித்தான்..." அம்மாவின் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

கோபுரத்துக்கு இருந்தது செங்குத்தான ஓர் இரும்பு ஏணி.

"நான் இவனைத் தூக்கிட்டு ஏறிடுறேன்" என்றார் அப்பா.

கோபுரத்தின் கீழே நின்ற காவலர் மறுத்துத் தலையை ஆட்டினார். அவருக்கு மீசை பெரிது. அதனால் வாலுவுக்கு அவர் மீசை மாமா. "ஒரு ஆள் ஏறவே இடம் பத்தாத ஏணி சார் இது. கால் வழுக்கினா என்ன ஆகும்?"

"எனக்கும் வேணாம்" என்றான் பையன். "நான் என்ன மூட்டையா?"

பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டு, "சரிப்பா, வீட்டுக்குப் போகலாம்" என்றான். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அவன் அடம் பிடித்திருந்தால்கூட வாலுவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவ்வளவு நல்ல பிள்ளையாகச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இரு இரு! நான் ஏறிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று அவள் ஏணியில் தாவினாள். ஏறிய வேகத்தில் இறங்கியும் வந்தாள்.

"ஏரி பெருசா இருக்கு. நிறைய பறவை இருக்கு. வெள்ளையா இருக்கு."

"அலகு என்ன நிறம்?"

வாலு மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள். "மஞ்சள் மாதிரி."

"காலு?"

மூன்றாவது முறை இறங்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. "கால் தண்ணிக்குள்ள இருக்கு. குண்டு வாத்து மாதிரி ஒண்ணு மிதக்குது. வேற எதுவும் கேக்காதீங்க வாத்தியாரே!"

பையன் சிரித்துவிட்டான். ஆனால் சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. "தேங்க்ஸ்க்கா. ஆனா உங்க கண்ணு வழியா நான் பாக்க முடியாதுல்ல?"

அது உண்மைதான். வாலு மீசை மாமாவின் மோட்டார் சைக்கிள் மேல் போய் உட்கார்ந்தாள். மாலை மணி அடித்தால் காட்டை மூடிவிடுவார்கள். இவ்வளவு தூரம் வந்த பையன், கோபுரத்தின் இரும்புக் கால்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான்.

மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி யாரோ இடித்துத் திரும்பியிருந்தது. வாலு சும்மா அதற்குள் பார்த்தாள். கோபுரத்தின் உச்சி தெரிந்தது. உச்சியில் வெயில் காயும் ஒரு குரங்கும் தெரிந்தது. அவள் தலையைத் தூக்கவே இல்லை. உச்சி தானாகக் கீழே இறங்கி, உள்ளங்கை அளவுக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

வாலு துள்ளிக் குதித்து ஓடினாள்.

கழிவறைச் சுவரில் முன்பு ஒரு பெரிய கண்ணாடி இருந்தது. குரங்குகள் அதற்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிச் சண்டை போட்டதால் அதைக் கழற்றி, பொருள் வைக்கும் அறையில் சாத்தி வைத்திருந்தார்கள். வாலு அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தாள்.

"அடியே, என்னடி பண்ணப்போற?" என்று அம்மா எழுந்து வந்தாள்.

வாலு சொன்னாள். அம்மா கண்ணாடியைப் பார்த்தாள், கோபுரத்தைப் பார்த்தாள், பிறகு மீசை மாமாவைப் பார்த்தாள்.

"அதெல்லாம் முடியாது. கண்ணாடி கீழ விழுந்துச்சுன்னா என் தலைதான் உருளும்" என்றார் மீசை மாமா.

"நீங்களே கட்டுங்க மாமா. நீங்க போட்ட முடிச்சை நீங்களே அவுக்க முடியாதுன்னு அம்மா சொல்லுவாங்க."

மீசை மாமா அம்மாவை முறைத்தார். அம்மா காட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். ஆனால் முடிச்சைப் பற்றிப் பேசிவிட்ட பிறகு அவரால் சும்மா இருக்க முடியுமா? கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கோபுரத்தின் உச்சிக்கு இழுத்து, ஏரிப் பக்கக் கம்பியில் வெளிப்புறமாகத் தொங்கவிட்டுக் கட்டினார்கள். மீசை மாமா ஆட்டிப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார், இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டார். கண்ணாடியைச் சாய்ப்பதற்கு ஒரு கயிறு மட்டும் மேலே நின்ற வாலுவின் கையில் இருந்தது. கீழே, கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, அப்பா ஒரு தார்ப்பாயை விரித்துப் பையனைப் படுக்க வைத்தார். தலை கோபுரத்தின் பக்கம், கால் ஏரியின் பக்கம். அம்மா தொலைநோக்கியைக் கொடுத்தாள். வெயில் மேகத்துக்குள் போயிருந்தது.

காட்டில் கத்தக் கூடாது. அதனால் பையன் கையை அசைப்பான், வாலு கயிற்றை இழுப்பாள் என்று ஏற்பாடு.

முதலில் பையனுக்குத் தெரிந்தது, கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்த வாலுவின் மூக்கு. "மூக்குக்குள்ள எல்லாம் தெரியுது" என்று அப்பாவிடம் சொன்னான். அடுத்துத் தெரிந்தது அவனே, தார்ப்பாயில் படுத்தபடி. அவன் கையை அசைத்தான். கண்ணாடி மெல்லச் சாய்ந்தது. மரங்கள் வந்தன. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"அப்பா! ஏரி! ஆனா தலைகீழா இருக்கு. பறவை எல்லாம் வௌவால் மாதிரி தொங்குது!"

அப்பா யோசித்தார். பிறகு தார்ப்பாயோடு சேர்த்து மகனைக் கடிகார முள்போல மெதுவாகச் சுற்றினார். இப்போது தலை ஏரியின் பக்கம், கால் கோபுரத்தின் பக்கம்.

பையனின் கை அப்படியே நின்றுவிட்டது.

வானத்தில் ஒரு ஏரி தொங்கியது. மேகங்களுக்குக் கீழே, இலைகளுக்கு மேலே, அவ்வளவு தண்ணீரும் அமைதியாக நின்றது. ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. நடுவில் ஒரு தீவு, தீவு முழுக்க வெள்ளைப் பறவைகள். ஒன்று சிறகை விரித்து, விரித்தபடியே யோசித்துக்கொண்டு நின்றது. குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. காற்று வீசியபோது ஏரி லேசாக ஆடியது, அதோடு தீவும் ஆடியது. பையனுக்குத் தானும் தார்ப்பாயோடு மிதப்பதுபோல் இருந்தது.

"கூழைக்கடா" என்று அவன் மெதுவாகச் சொன்னான். "அலகுக்குக் கீழ பை இருக்குப்பா. அக்கா சொன்ன குண்டு வாத்து கூழைக்கடாப்பா!"

அப்பா மூக்கை உறிஞ்சிவிட்டுப் காலைப் பனியின் மேல் பழி போட்டார்.

கோபுரத்திலிருந்து இறங்கிய பயணிகள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "தம்பி, நானும் கொஞ்சம் படுத்துக்கவா?" என்று ஒரு தாத்தா கேட்டார். பையன் நகர்ந்து இடம் கொடுத்தான். தார்ப்பாய் போதவில்லை. அம்மா இன்னொன்று எடுத்து வந்தாள்.

சற்று நேரத்தில் ஏரிக்குள் ஒரு வால் தொங்கியது. கண்ணாடி மேல் குரங்கு வந்து உட்கார்ந்துவிட்டது! மீசை மாமா அதை விரட்டிவிட்டுக் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

பையன் கையை ஆட்டிக் கூப்பிட்டான். வாலு இறங்கி வந்தாள்.

"அக்கா, நீங்க பாக்கவே இல்லையே. படுங்க."

"நான் தினமும் பாக்குற ஏரிதானே?"

"படுங்கக்கா."

வாலு அவன் பக்கத்தில் படுத்துத் தொலைநோக்கியை வாங்கினாள். அப்போது தீவிலிருந்து பறவைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. வானத்தில் இருந்த ஏரியிலிருந்து வானத்துக்குப் பறந்தன. தினமும் பார்த்த ஏரிதான். ஆனாலும் அவளுக்கு மூச்சுவிட மறந்துபோனது.

"முன்னாடி போறதுதான் உங்க குண்டு வாத்து" என்று பையன் அவள் காதருகில் சொன்னான். "கழுத்தை எப்படி மடக்கியிருக்குன்னு பாருங்க."

அவள் பார்த்தாள். மாலை மணி அடித்த பிறகும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. மணி அடித்த அம்மாவே ஓடி வந்து கடைசி ஓரத்தில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கோபுரத்தின் கீழே ஒரு புதிய பலகை இருந்தது. மீசை மாமாவின் கோணல் எழுத்து.

'ஏரியைப் பார்க்க மேலே ஏறலாம். கீழே படுக்கவும் செய்யலாம். படுப்பவர்கள் குறட்டை விடக் கூடாது.'