சொல்கிளி சொன்ன பெயர்

மதுவந்தி அலறினாள்.

அலறல் வெளியே போகவில்லை. டாக்குரியாவின் அந்தத் தெருமுனைப் பந்தலில் காலையிலிருந்தே மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. துர்கா பூஜை தொடங்கிவிட்டால் கல்கத்தாவில் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்காது!

நடுங்கியபடி கம்ப்யூட்டர் திரையை மறுபடி பார்த்தாள்.

அம்மாவுக்கு மெயில் எழுத உட்கார்ந்தவள் அவள். 'என்' என்று மட்டும்தான் தட்டியிருந்தாள். மீதியை அதுவே நீட்டியது...

'என் சாவுக்கு யாரும் காரணமில்லை.'

அந்த வரி அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் அவளுக்கு முன் வாழ்ந்தவள் நாகலட்சுமி. ஜெய்ராமின் முதல் மனைவி. போன வருஷம் மஹாளயா அமாவாசைக் காலையில் வீட்டுக்குப் பக்கத்து லேக்கில் பிணமாக மிதந்தாள். அவளுடைய மெயிலில் இந்த வரியோடு ஒரு கடிதம் கிடந்தது. தற்கொலை என்று கேஸை மூடிவிட்டார்கள்.

மதுவந்திக்கு இன்னும் தலைதீபாவளிகூட வரவில்லை. அதற்குள் செத்தவள் பேச ஆரம்பித்துவிட்டாள்!

பேசியது 'சொல்கிளி' வழியாக. ப்ரௌசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் அது. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக்கிக் கொடுக்கும். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த மதுவந்திக்குத் தமிழ் பேச வரும், பெங்காலி எழுத வரும், தமிழ் எழுதச் சொன்னால் கை உதறும். ரிடையரான அப்பாவோடு ஸ்ரீரங்கம் போய்விட்ட அம்மாவோ தமிழில் வந்தால்தான் படிப்பாள். அதனால் சொல்கிளிதான் கதி. பழகப் பழக அதுவே வாக்கியத்தை முடித்துக் கொடுக்கும் என்று ஜெய்ராம் பெருமையடித்திருந்தான்.

முடித்துத்தான் கொடுத்தது! 'அ' என்று தட்டினால் 'அடிக்கறார்மா' என்று வந்தது. 'ப' என்றால் 'பயமா இருக்கும்மா'. நாகலட்சுமி தன் அம்மாவுக்கு எழுதிய வரிகள். அவள் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அவற்றைப் படிக்கப் படிக்க, முகம்கூடப் பார்த்திராத அந்தப் பெண்ணுக்காக மதுவந்தி அழுதிருக்கிறாள். பயந்தும் இருக்கிறாள். குளியலறைக் குழாய் சொட்டினால்கூட ஈரப் புடவையோடு யாரோ நிற்பதுபோல் இருந்தது.

இன்று ஒரு முரட்டுத் தைரியம் வந்தது. சொல்வதை முழுசாகச் சொல்லித் தொலை என்று, அது நீட்டியதையெல்லாம் ஏற்றுக்கொண்டே போனாள்.

'இந்த வாழ்க்கை அலுத்துவிட்டது.'

'தண்ணீரில் நிம்மதி இருக்கிறது.'

'இப்படிக்கு...'

மதுவந்தி கண்ணை மூடிக்கொண்டாள். நாகலட்சுமி என்று வரும். வரட்டும்.

கண்ணைத் திறந்தாள்.

'...மதுவந்தி.'

போன வருஷம் செத்தவளுக்கு இவள் பெயர் எப்படித் தெரியும்?

உடனே சுலோசனாவுக்கு போன் போட்டாள். காலேஜில் ஒரே பெஞ்சு. இப்போது சால்ட் லேக்கில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். பேய், பிசாசு என்றால் சிரித்தே கொல்லுபவள். இன்று சிரிக்கவில்லை. சொல்கிளியின் செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னாள். 'என் வரிகள்' என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் என்ன தெரிகிறது பார் என்றாள்.

தெரிந்தது. இந்த வீட்டில் தட்டிய அத்தனையும்! நாகலட்சுமியின் அழுகை, மதுவந்தியின் ரசப்பொடி அளவு, எல்லாம் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் தேதி. அதற்குப் பக்கத்தில் எந்தக் கம்ப்யூட்டர் என்று ஒரு குறிப்பு. சில 'வீடு'. சில... 'ஆபீஸ்'!

"ஆபீஸா? யாரோட ஆபீஸ்டி?" என்றாள் சுலோசனா.

"இவர் ஆபீஸ்தான். அலிப்பூர்ல."

"அப்போ ரெண்டு இடத்துலயும் ஒரே அக்கவுண்ட்ல போட்டு வச்சிருக்கார். நீ தட்டறதெல்லாம் சர்வருக்குப் போயி அவர் ஸ்க்ரீன்ல வருது. உன்னை வேவு பார்க்கறார் மது. அவளையும் பார்த்திருக்கார்."

"அப்போ அந்த வரி...?"

"பைத்தியமே, பைப்புல தண்ணி ரெண்டு பக்கமும் ஓடும். அவர் அங்க தட்டறது உனக்கும் வரும். அதை யோசிக்க மறந்துட்டார். அந்தச் சாவு வரிக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு பாரு."

மதுவந்தி பார்த்தாள். இப்போது அவள் ஏற்றுக்கொண்டதைத் தவிர, இரண்டு தடவை இருந்தது. முதலாவது, போன வருஷம் மஹாளயாவுக்கு முந்தின நாள். ஆபீஸ். நாகலட்சுமி செத்தது மறுநாள்! அவள் அந்த ஆபீஸ் வாசலைக்கூட மிதித்ததில்லை.

இரண்டாவது, இன்று காலை. ஆபீஸ். கீழே அவள் பெயர்.

ஏன் என்று கேட்கவே தேவையில்லை. எதிர் ஃப்ளாட்டில் பௌதி என்று கூப்பிடும் பெங்காலி அண்ணி சொன்னதை அவள்தான் போன வாரம் அம்மாவுக்கு எழுதியிருந்தாள். நாகு தண்ணீரைக் கண்டாலே பயப்படுவாளாம், லேக் பக்கம் நடக்கவே மாட்டாளாம், பிறகு எப்படி அங்கே போய் விழுந்தாள் என்று. அம்மா படிப்பதற்கு முன்பே ஜெய்ராம் படித்துவிட்டான்.

மதுவந்தி தலையில் அடித்துக்கொண்டாள். நாகுவிடம் பயந்துகொண்டிருந்தேனே, பாவி, நான் பயப்பட வேண்டியவன் தினமும் என் கையால் காபி வாங்கிக் குடிக்கிறான்...

மொபைல் அடித்தது.

ஜெய்ராம்!

குரலில் தேன் வழிந்தது. இன்றைக்கு பஞ்சமி, கூட்டம் வருவதற்குள் பந்தல்களைப் பார்த்துவிடலாம், சீக்கிரமே வந்துவிடுகிறேன் என்றான். நல்ல புடவையாகக் கட்டிக்கொள்ளச் சொன்னான்.

"அப்படியே லேக் பக்கம் காலாற நடந்துட்டு வரலாம், என்ன?"

சரி என்றாள். குரல் உடையாமல் எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சுலோசனாவின் சித்தப்பா சீதாராமன், அலிப்பூரிலேயே போலீஸ் அதிகாரி. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரே மதுவந்தியைக் கூப்பிட்டார். அவளைப் பூட்டிய கதவைத் திறக்காமல் உள்ளேயே இருக்கச் சொன்னார். வாசலுக்கு ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல யார் வேணா தட்டியிருக்கலாம்னு வக்கீல் சொல்லுவான்மா. அந்த வரியெல்லாம் தன்னோடதுன்னு அவனே காட்டிக்கணும். நான் அவன் ரூம் கண்ணாடிக்கு வெளியில நிக்கறேன். அவன் பயப்படற மாதிரி எதாவது தட்ட முடியுமா உன்னால?"

முடியுமாவா! இவ்வளவு நாள் அவள் பயந்த பயத்தில் கால்வாசி போதுமே.

மதுவந்தி அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த முறை ஈரப் புடவை நினைவுக்கு வந்தபோது உடம்பு நடுங்கவில்லை. கூட ஒருத்தி இருப்பதுபோல் இருந்தது. நிதானமாகத் தட்டினாள்.

'ஜெய், என்னைத் தெரிகிறதா? நான் நாகு.'

'என் சாவுக்கு நீதான் காரணம்.'

'அந்தக் காலையில் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருந்தது தெரியுமா?'

காத்திருந்தாள். மேளம் நின்றிருந்தது.

சட்டென்று அவள் கண்முன்னாலேயே ஒரு வரி மறைந்தது!

இன்னொன்று. இன்னொன்று...

அங்கே அவன் அழிக்கிறான். இப்போது தட்டியவை போயின. 'இப்படிக்கு மதுவந்தி' போனது. மஹாளயாவுக்கு முந்தின நாள் வரியும் போனது. கை நிற்காமல் அவன் மேலே மேலே போனான். 'அடிக்கறார்மா' போனது. 'பயமா இருக்கும்மா' போனது.

"ஐயோ, அவளை விட்டுடு," என்று திரையைப் பிடித்துக்கொண்டு கதறினாள் மதுவந்தி. நாகுவை அவன் இரண்டாவது தடவை கொன்றுகொண்டிருந்தான்.

பக்கம் வெறுமையானது.

ஆதாரம் போச்சு. நாகுவும் போய்விட்டாள். இனி அவன் நேராகக் கிளம்பி வருவான்...

அரை மணி நேரம் கழித்து போன் அடித்தது. சீதாராமன்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டான் சார்," என்று விம்மினாள்.

"பார்த்துண்டுதான் இருந்தேன். உள்ள வந்து முதுகுக்குப் பின்னாடியே நின்னேன், திரும்பக்கூட இல்லை. நாகு, என்னை விட்டுடுன்னு புலம்பிண்டே அழிச்சான். அவன் மேனேஜரும் கேட்டார். இப்போ ஜீப்புல இருக்கான்."

"ஆனா அவ எழுதினது ஒண்ணுகூட இல்லையே."

"யார் சொன்னா? அழிச்சது நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது. யூஸர் அழிச்சாலும் ஒரு வருஷம் சர்வர்ல பத்திரமா வச்சிருப்போம்னு அந்தக் கம்பெனியோட ப்ரைவசி பாலிசியில போட்டிருக்காம். சுலோ அனுப்பிச்சா. அவன் நம்பலை. ப்ரிண்ட் எடுத்துக் கையில குடுத்துட்டேன்."

நாகு எங்கேயோ பத்திரமாக இருக்கிறாள் என்பது மட்டும் மதுவந்தியின் மனசில் நின்றது. வெகுநாள் கழித்து நிம்மதியாக அழுதாள்.

சீதாராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விலங்கோட உட்கார்ந்து வரி விடாமப் படிச்சுண்டிருக்கான்மா. அனேகமா உலகத்துலயே ப்ரைவசி பாலிசியை முழுசா படிக்கிற முதல் ஆள் உன் ஆத்துக்காரனாத்தான் இருப்பான்!"